உர மூடையும் மண்ணின் புளிப்பும்

பண்டாரவளை மலைச்சரிவுகளிலே தேயிலையும் மரக்கறியும் அயலயலாக வளர்கின்றன. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும், பி.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. கோவாவுக்கோ அத்துணைப் புளிப்பு ஆகாது. முன்பு தேயிலை நின்ற நிலத்திலே கோவா நட்டு, அமோனியம் சல்பேற்று உரத்தையும் தொடர்ந்து இடுபவர், பயிர் ஏன் நலிகின்றதென்று வியக்கக்கூடும். அதற்கு விடை தருவது பீசமானம் என்னும் இரசாயனக் கணக்கு.

மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் இவ்வுரத்தைக் காற்றின் ஒட்சிசனோடு சேர்த்து மாற்றுகின்றன. உரத்தின் மூலக்கூற்று நிறை 132. அதனோடு 128 பங்கு ஒட்சிசன் சேர, 98 பங்கு சல்பூரிக்கமிலமும், 126 பங்கு நைத்திரிக்கமிலமும், 36 பங்கு நீரும் விளைகின்றன. இருபுறமும் கூட்டினால் 260. பொருள் உருமாறுமேயன்றி அழியாது என்பது இதன் கருத்து.

இனி, 50 கிலோகிராம் மூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஒட்சிசனுக்குக் குறைவில்லை. ஆதலின் விளைவின் அளவைத் தீர்மானிப்பது உரமே. 50ஐ 132ஆல் வகுத்து 98ஆல் பெருக்கினால், சல்பூரிக்கமிலம் ஏறத்தாழ 37 கிலோகிராம். அவ்வாறே நைத்திரிக்கமிலம் ஏறத்தாழ 48 கிலோகிராம். இவ்விரண்டையும் முற்றாகத் தணிக்க, 184 என்னும் மூலக்கூற்று நிறையுடைய தூய தொலமைற்று ஏறத்தாழ 70 கிலோகிராம் வேண்டும். மூடையினும் மாற்று மருந்தின் பாரம் மிகுதி!

எனினும் இது மேலெல்லைக் கணக்கே. வேர்கள் நைத்திரேற்றை உறிஞ்சும்போது புளிப்பின் ஒரு பகுதி தணிகின்றது. மழைநீர் அதனை அடித்துச் சென்றாலோ புளிப்பு மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. தேயிலைக்கு முழுப் புளிப்பையும் நீக்குவதும் தவறு. கவ்வாத்துக் காலத்தில் தோட்டங்களில் இடப்படும் தொலமைற்று, புளிப்பை அளவோடு தணிப்பதுடன் மக்னீசியத்தையும் ஊட்டுகின்றது. ஆகவே, மண்ணைப் பரிசோதித்த பின்னரே அளவை முடிவுசெய்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே தடை நீங்கியபோதும், பின்னர் உரவிலை பன்மடங்கு உயர்ந்ததை ஊவா மக்கள் மறவார். அரிதிற் சேர்த்த பணத்தால் வாங்கும் மூடை, பயிருக்கு உணவாவதும் மண்ணுக்குப் பகையாவதும் அளவைப் பொறுத்தது. பள்ளிப் பிள்ளை கரும்பலகையிற் கற்கும் இக்கணக்கை வீட்டிலே பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்தால், அக்கல்வி நிலத்திலும் விளையும்.