இடிபாடு சொல்லும் சான்று

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு நாள் காலையில் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கிற்று. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் மாடிக் கட்டடங்கள் சரிந்தன. கார் நிறுத்துவதற்கென்று கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறுந் தூண்களாக விட்டிருந்தமையே அவற்றுட் பலவற்றின் பெருங்குறை. ஆய்வாளர் நேரிற் சென்று கண்ட உண்மை இது.

இத்தகைய உண்மையைக் காண்பதற்குரிய காலம் மிகக் குறுகியது. உயிர்களை மீட்க இடிபாட்டை அகற்றத்தான் வேண்டும்; அகற்றியபின் முறிந்த தூண் சான்று சொல்லாது. ஆதலால், ரூர்க்கியில் 1960-இல் தோன்றிய நிலநடுக்கப் பொறியியல் துறை போன்றதொரு பல்கலைக்கழகத் துறை, யார் செல்வது, எதை அளப்பது, எவரிடம் இசைவு பெறுவது என்பவற்றை அமைதிக் காலத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். மீட்போருக்குரிய உணவையும் ஊர்தியையும் நாடாமை முதல் விதி. எஞ்சிய கட்டடங்களுள் எவை குடியிருக்கத் தக்கவை எனக் கூறுதல் அடுத்த கடமை. கண்டதைக் கொத்தனாருக்கும் விளங்க எழுதுதல் முடிவான கடமை.

கோட்டுகாலில் இருக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன? 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியும் அதிர்ந்தது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நாம் கட்டும் மாடி வீட்டுக்கும் தூண்கள் உண்டு. அவற்றில் வளையக் கம்பிகளை நெருக்கிக் கட்டாவிடின் நேர்வது யாது என்பதை அகமதாபாத் முன்னரே சொல்லிவிட்டது. கேட்டுக் கட்டுவது நம் பொறுப்பு.