தெரிந்த சித்தத்தைச் செய்வோம்

 

கன்வென்ஷன் கூட்டம் முடிந்ததும் ஜெபிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, என் வாழ்க்கையில தேவ சித்தம் என்னன்னு தெரியல, ஜெபம் பண்ணுங்க." எந்த வேலைக்குப் போவது, எந்த வரனை முடிப்பது, துபாய்க்குப் போகலாமா ஊரிலேயே இருக்கலாமா, முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு உண்டா? உபவாசம் இருக்கிறோம். புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். யாராவது தீர்க்கதரிசனம் சொல்ல மாட்டார்களா என்று ஊர் ஊராகப் போகிறோம். அந்தத் தவிப்பை இழிவாகப் பேச நான் வரவில்லை. நோக்கத்தோடு வாழவேண்டும் என்ற ஏக்கம் நல்ல ஏக்கம். ஆனால் தெரியாத சித்தத்தைத் தேடி இவ்வளவு அலைகிற நாம், தெரிந்த சித்தத்தை என்ன செய்தோம்?

லூக்கா சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானன் பிரசங்கிக்கிறார். ஜனங்கள் கலங்கிப்போய், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார் யோவான். ஆயக்காரர் வந்து கேட்கிறார்கள். விதித்த வரிக்குமேல் ஒரு காசும் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகர் வந்து கேட்கிறார்கள். மிரட்டிப் பறிக்காதே, பொய்க்குற்றம் சுமத்தாதே, சம்பளம் போதுமென்று இரு என்கிறார். ஆயத்துறையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று ஒருவனையும் அவர் அழைக்கவில்லை. அவன் ஆயத்துறைக்கே திரும்பிப் போகவேண்டும். மறுநாள் காலையில் அதே மேசை, அதே பேரேடு. நேற்று வாங்கியதை இன்று வாங்காமல் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். மனந்திரும்பிவிட்டாயா என்பதற்கு யோவான் கேட்ட அத்தாட்சி அதுதான்!

எரிகோவில் சகேயுவின் வீட்டில் என்ன நடந்தது? கர்த்தர் உள்ளே வந்தார். சகேயு எழுந்து நின்று கணக்குப் பேசினான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது எதுவானாலும் நாலத்தனை. அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் கர்த்தர் இரட்சிப்பைப் பற்றி வாய் திறந்தார். நாமும் சாட்சி சொல்கிறோம். வியாதி நீங்கியது, விசா கிடைத்தது, பிள்ளைக்கு சீட் கிடைத்தது என்று சொல்கிறோம். ஏமாற்றி வாங்கிய நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுத்தேன் என்று இந்தப் பந்தலில் ஒருவர் மைக் பிடித்துச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று?

"ஐயா, நான் ஆபீஸில் வேலை பார்க்கிறவன், ஊழியக்காரன் இல்லையே" என்கிறீர்கள். இந்தப் பிரிவினையை யார் நமக்குக் கற்றுக்கொடுத்தது? நம்முடைய ஆண்டவர் ஊழியத்தைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்று லூக்கா எழுதுகிறார். அதுவரை நாசரேத்தில் தச்சு வேலை. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். இங்கே நம்முடைய காவிரிக் கரைக்கு வாருங்கள். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் குளத்தூரில் பிறந்தவர். கத்தோலிக்கர்தானே என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நமக்கெல்லாம் பாடம் அவரிடம் இருக்கிறது. தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நான் பேசுவது அவருடைய நீதிமன்ற நாற்காலியைப் பற்றி. ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைச் சாதாரண ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று 1862-லேயே தமிழில் தொகுத்து அச்சிட்டார். கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துப் பாடினார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் சாகும்போது, சொந்தப் பணத்தில் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரம் பாடிய அந்தப் பெரியவர், இந்தக் கிறிஸ்தவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பிரசங்க மேடை ஏறியா வேதநாயகர் அந்தப் பேரை வாங்கினார்? முன்சீப் வேலையை முன்சீப் வேலையாக, கர்த்தருக்கு முன்பாகச் செய்தார்.

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கசக்கும்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்கிறோம். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்கிறார் ஐயர். சபை அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. நூறு பவுன் பேசியது சபைக்குத் தெரியும். ரொக்கமும் காரும் பேசியது கமிட்டி அங்கத்தினருக்குத் தெரியும். பல வீடுகளில் முன்னே நின்று பேசி முடித்தவரே அவர்தான். பெண்ணின் அப்பா வயலை விற்றது ஊருக்கே தெரியும். ஒருவரும் எழுந்திருப்பதில்லை. 1961-ல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. இன்றைக்கு அதற்குக் குறைந்தது 5 வருஷச் சிறை. நாட்டின் சட்டம் குற்றம் என்று சொன்ன பேரத்தை முடித்துவிட்டு, பீடத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டு ஆசீர்வாதம் கேட்கிறோம். உபவாசித்து ஜெபித்தோம், தேவன் காட்டிய வரன் என்கிறீர்கள். தேவன் காட்டிய வரன் என்றால், அதற்குப் பவுன் கணக்குப் பேச உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? பெண்ணைப் பெற்றவனின் கண்ணீரை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் வேறு நடத்துகிறோம்!

பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட பெண் வேண்டும் என்று போட்டு, பக்கத்திலேயே சாதியின் பெயரையும் போடுகிறார்கள். சபைக்குள் சாதி இருக்கக் கூடாது, உடனே விட்டொழியுங்கள் என்று 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டுப் போனார்கள். அந்தக் கடிதத்துக்கு இருநூறு வயது ஆகப்போகிறது. இன்னும் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஓர் ஓரம் ஒதுக்குகிற ஊர்கள் நம்மில் உண்டு.

ஆமோஸ் தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் ஒரு கூட்டத்தைக் காட்டுகிறார். ஓய்வுநாளில் கடையை மூடுகிறார்கள், ஆராதனை தவறுவதில்லை. ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்துத் தராசில் கள்ளம் செய்யலாம் என்று மனதுக்குள் காத்திருக்கிறார்கள். அந்த ஜனங்களின் செய்கை ஒன்றையும் மறக்கமாட்டேன் என்று கர்த்தர் ஆணையிட்டார். இங்கே பீடி சுற்றுகிற பெண்ணின் பீடிக் கட்டுகளில் குறை சொல்லிக் கழித்துவிட்டுக் கூலியைக் குறைக்கிறவர் யார்? வீட்டு வேலைக்கு வருகிற அக்கா காய்ச்சலில் இரண்டு நாள் வராவிட்டால் சம்பளத்தைப் பிடிக்கிறவர் யார்? நம்முடைய பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் வேலைக்குப் பணம் கை மாறுகிறது என்பது இந்தப் பந்தலில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. அப்படிப் பணம் கொடுத்து உள்ளே வந்தவர் காலை அசெம்பிளியில் என்ன ஜெபம் செய்வார்? பிள்ளைகளுக்கு உண்மையைப் பற்றி என்ன சொல்லிக் கொடுப்பார்?

நேர்மையாக இருந்தால் நஷ்டம் வருமே என்பீர்கள். வரும். மறைக்கமாட்டேன். பட்டா மாற ஆறு மாதம் இழுக்கும். பதவி உயர்வு பக்கத்து மேசைக்குப் போகும். விட்டதையெல்லாம் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார் என்று சொல்லி இந்த மேடையில் கைதட்டு வாங்கமாட்டேன். சகேயுவுக்கு அந்தப் பாதி ஆஸ்தி திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. ஆனாலும் அவன் சந்தோஷமாகக் கொடுத்தான்; வீட்டுக்குள் கர்த்தர் இருந்தார்.

கூலி பாக்கி வைத்திருக்கிறவர்களே, காணிக்கைக் கவர் எடுப்பதற்கு முன் அதைக் கொடுத்து முடியுங்கள். இங்கே இருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே, பேசிய தொகை எங்களுக்கு வேண்டாம் என்று நாளைக்கே பெண் வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். வாலிபத் தம்பிமார்களே, அப்பா பேசினார், எனக்குத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள், கல்யாணம் உங்களுடையது. சேகரக் கமிட்டியாரே, வரதட்சணை வாங்கவில்லை, கொடுக்கவில்லை என்று இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே ஓலை வாசிப்போம் என்று தீர்மானம் போடுங்கள். அடுத்த கன்வென்ஷன் வரைக்கும் தள்ளாதீர்கள். வருகிற கமிட்டிக் கூட்டத்திலேயே போடுங்கள்.