நாற்றங்காலா, சந்தையா?



வீட்டுக்கு நெல் வேண்டுமென்றால் அதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. நாற்றங்காலில் விதை விட்டு, நாற்றைப் பறித்து நட்டு, களையெடுத்து, அறுவடை வரையில் காத்திருக்கலாம். அல்லது பணப்பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகலாம். முதல் வழிக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்குப் பொருள் வேண்டும். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் நூறாண்டுக் காலமாக நடந்துவரும் ஒரு வழக்கும் இத்தகையதே. வெற்றி பெறும் குழுவை இளைஞர்களை வளர்த்து உருவாக்குவதா, அன்றிப் பேர்பெற்ற ஆட்டக்காரர்களைப் பெருந்தொகை கொடுத்து அமர்த்திக்கொள்வதா? அந்த வழக்கைப் பற்றியே இன்று சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

சந்தை முறைக்குப் பழைய சான்று பேப் ரூத். பாஸ்டன் குழுவில் இருந்த அந்த மாவீரரை 1919ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் குழுவினர் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கினர். அதற்கு முன் ஒருமுறையேனும் உலகத் தொடரை வென்றறியாத யாங்கீஸ், பின்னர் எல்லாக் குழுக்களையும் விஞ்சி நின்றது.

நாற்றங்கால் முறைக்குத் தந்தை எனத் தக்கவர் பிராஞ்ச் ரிக்கி. அவர் நிர்வகித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் செல்வக் குழு அன்று. சிற்றூர்க் குழு ஒன்றில் நல்ல இளைஞன் ஒருவனைக் கண்டுபிடித்து விலை பேசுவார். செய்தி பரவியதும் பணக்காரக் குழு ஒன்று கூடுதல் விலை வைத்துக் கொண்டு போய்விடும். ஆட்டக்காரனை வாங்க வழியில்லையென்றால் அவனை விளைவிக்கும் நிலத்தையே வாங்கிவிடுவோம் என்று அவர் எண்ணினார். சிறு குழுக்களில் பங்கு வாங்கி, 1920களில் ஒரு பண்ணை முறையையே அமைத்தார். 1926இல் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. எதிரில் தோற்று நின்றது, பேப் ரூத் ஆடிய அதே யாங்கீஸ்!

அந்தப் பண்ணைக்கும் ஒரு நிழல் உண்டு. தலைமைக் குழுவில் இடமில்லாத இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகச் சிறு குழுக்களிலேயே கட்டுண்டு கிடந்தனர். ஆட்டத்தின் தலைமை ஆணையரான நீதிபதி லாண்டிஸ், 1938இல் கார்டினல்ஸ் பண்ணையிலிருந்த பலரை விடுவித்து ஆணையிட்டார். நாற்றுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை அன்றே ஒருவர் உணர்ந்திருந்தார்.

இனி, இன்றைய முறையைப் பார்ப்போம். 1965 முதல் ஆண்டுதோறும் குழுக்கள் வரிசை வைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. தோற்ற குழுவுக்கு முன்னுரிமை என்பது அதன் அடிப்படை. ஆட்டக்காரனோ 1975 வரை தன்னை அமர்த்திய குழுவுக்கே உரியவனாய் இருந்தான். அவ்வாண்டு டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் அளித்த தீர்ப்பு அந்தத் தளையை அறுத்தது. அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கைகளின்படி, உயர்நிலை ஆட்டத்தில் ஆறு பருவங்கள் பணி முடித்தவன், விரும்பிய குழுவோடு விலை பேசலாம். முதல் மூன்றாண்டுகளில் பெரும்பாலோர் குறைந்தபட்ச ஊதியத்தையோ அதற்குச் சற்று மேலானதையோ பெறுகின்றனர். 2025இல் அந்தக் குறைந்தபட்சம் ஏழு லட்சத்து அறுபதாயிரம் டாலர். நமக்கு அது பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆயினும் சந்தையில் ஒரு சிறந்த வீரனின் ஓராண்டு ஊதியம் நான்கு கோடி டாலரையும் கடக்கிறது. இளைஞனின் ஆற்றலுக்கும் அவன் பெறும் ஊதியத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடே குழுவுக்கு ஆதாயம். இளைஞர்களைப் போற்றுவோர் அன்பினால் மட்டுமே போற்றுகின்றனர் என்று எண்ணிவிட வேண்டாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. பேஸ்பால் முளையிலே அது எப்போதும் தெரிவதில்லை. 1991இல் யாங்கீஸ் குழு நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுத்த இளைஞன் பிரையன் டெய்லர். கையொப்பத்துக்கு மட்டும் பதினைந்தரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993இல் ஒரு கைகலப்பில் அவனுடைய பந்து வீசும் தோள் சிதைந்தது. உயர்நிலை ஆட்டத்தில் ஒரு பந்துகூட வீசாமலே அவன் காலம் முடிந்தது. மற்றொருபுறம், 1988இல் அறுபத்திரண்டாம் சுற்றில், 1390ஆவது ஆளாக, குடும்ப நண்பரின் பரிந்துரைக்காகச் சேர்க்கப்பட்டவர் மைக் பியாட்சா. அவர் 2016இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

அப்படியானால் பணமே உறுதியா? அதுவும் இல்லை. 2023இல் நியூயார்க் மெட்ஸ் குழு அதுவரை எந்தக் குழுவும் கண்டிராத ஊதியச் செலவோடு களமிறங்கியது. ஷெர்ஸர், வெர்லாண்டர் என்னும் இரு பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நான்கு கோடியே முப்பத்து மூன்று லட்சம் டாலர். பருவம் பாதி கடந்ததும் இருவரையும் பிற குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாக இளைஞர்களை வாங்கிக்கொண்டது. பருவ முடிவில் 75 வெற்றி, 87 தோல்வி! சந்தைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி, மறுபடியும் விதை வாங்கிய கதை இது.

பொறுமையின் எல்லையைக் கண்டவர்கள் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் குழுவினர். 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. மூன்றாண்டுகள் ஊரார் நகைக்கக் கடைசியில் நின்று, தேர்வில் முதலுரிமை பெற்று, நாற்று வளர்த்தார்கள். 2017இல் உலகத் தொடர் கைக்கு வந்தது. ஆனால் அவ்வெற்றிக்கும் நாற்றங்கால் மட்டும் போதவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் மூன்று இளைஞர்களைக் கொடுத்து, நான் முன்பு சொன்ன அதே வெர்லாண்டரைப் பெற்றார்கள். பின்னர் ஒரு களங்கமும் வெளிப்பட்டது. எதிரணியின் சைகைகளை ஒளிப்படக் கருவியால் களவாடினர் என்று 2020இல் விசாரணை முடிவு கூறியது. தண்டனை என்ன தெரியுமா? ஐம்பது லட்சம் டாலர் அபராதம். அதனோடு இரண்டு ஆண்டுகளுக்கு முதல் இரு சுற்றுத் தேர்வுரிமைகளும் பறிபோயின. நாற்றங்காலின் மதிப்பை அந்தத் தண்டனையே எடுத்துரைக்கிறது.

அதே அஸ்ட்ரோஸ் 2013இல் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த இளைஞர் மார்க் அப்பெல். நாட்டின் நம்பிக்கை முழுவதும் அவர் தோள்மீது ஏற்றி வைக்கப்பட்டது. 2018இல் மனம் சோர்ந்து ஆட்டத்தை விட்டு விலகினார். 2021இல் திரும்பி வந்தார். 2022 ஜூனில், முப்பதாவது வயதில், பிலடெல்பியா குழுவுக்காக முதன்முதல் உயர்நிலைக் களத்தில் பந்து வீசினார். அவர் ஆடிய ஆட்டங்கள் ஆறே. கணக்குப் புத்தகத்தில் அவர் ஒரு நட்டம். எனக்கோ, இந்தப் பேச்சில் வந்த பெயர்களிலெல்லாம் நெஞ்சைத் தொடும் பெயர் அவருடையதே.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இளைஞரா, செல்வமா என்று வாதிடும்போது இளைஞன் ஒரு மனிதன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கீழ்நிலைக் குழுக்களில் ஆடும் ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் மேல்நிலையை எட்டுவதில்லை. 2022 வரையில் அவர்களுள் ஒரு நிலையில் ஆடுவோர் ஆண்டுக்குப் பெற்ற குறைந்தபட்சம் பதினோராயிரம் டாலர்தான். 2022இல் அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 2023இல் அத்தொகை இருபத்தாறாயிரத்து இருநூறு ஆயிற்று. நாற்றை நம்பி வாழ்பவன் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஏன் வேண்டியிருந்தன?

வழக்குக்குத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கு இருப்பதாகச் சொல்லமாட்டேன். ஆயினும் 2025 நவம்பர் முதல் நாள் டொராண்டோ நகரில் நடந்த உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைச் சான்றாகக் காட்டுவேன். வென்றது லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். ஓஹ்தானி என்னும் ஒரே வீரருக்குப் பத்தாண்டுகளுக்கு எழுபது கோடி டாலர் தர ஒப்பியிருந்த செல்வக் குழு அது. பதினோராவது பகுதியில் வெற்றியைத் தந்த ஹோம் ரன்னை அடித்தவர் வில் ஸ்மித். 2016இல் முப்பத்திரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அக்குழுவின் நாற்றங்காலிலே வளர்ந்தவர். அந்த வெற்றியைக் காத்து இறுதிப் பந்துகளை வீசியவர், ஜப்பானிலிருந்து முப்பத்திரண்டரைக் கோடி டாலருக்கு அமர்த்தப்பட்ட யமமோட்டோ. ஒருவர் வளர்ந்தவர், ஒருவர் வாங்கப்பட்டவர். அந்த இரவில் ஒருவரில்லாமல் மற்றவர் வென்றிருக்க முடியாது.

ஆகவே என் கருத்து இது. சந்தைக்குப் போவது குற்றமன்று. வீட்டில் விளைச்சல் உள்ளவனுக்குச் சந்தை துணைசெய்யும். விதைப்பதையே மறந்தவனை அது கடனாளியாக்கிவிடும். விதைப்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. நட்ட பயிரெல்லாம் கதிர் விடாது என்பதை அறிந்தும், ஒவ்வொரு நாற்றுக்கும் தண்ணீர் விட வேண்டும். கதிர் விட்டதை மட்டும் கொண்டாடி மற்றதை வரப்பில் எறிபவனை நல்ல உழவன் என்று நம் நாட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்.