அவர் அறையை விட்டு வெளியே போனபோது

(தியாகராய நகரில் நடந்த காமராஜர் பிறந்தநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். காமராஜர் இறந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது சில கதர் வேட்டி, சில சட்டை, கொஞ்சம் ரூபாய். அந்த ரூபாய்க் கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியது. (சிரிப்பு) நான் அந்தக் கதையை மறுக்க வரவில்லை. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், திருமலைப் பிள்ளை சாலையில், அவர் குடியிருந்த வாடகை வீடு இன்றும் இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று அங்கேதான் கண்ணை மூடினார். ஆனால் ஒன்று கேட்கிறேன். சட்டையை எண்ணித்தான் தலைவனை அளப்பது என்றால், மயிலாப்பூர்க் குளக்கரையில் சட்டையே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவரை ஏன் நாம் இன்னும் முதலமைச்சர் ஆக்கவில்லை? (சிரிப்பு, கைதட்டல்)

எளிமை எளிமை என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதரின் மூளையை மறைத்துவிட்டோம். இதுதான் இன்றைக்கு என்னுடைய குற்றச்சாட்டு. எளிமை என்று சொல்வதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மாலை போட்டு, கற்பூரம் காட்டி, வீட்டுக்குப் போய்விடலாம். அவர் வேலை பார்த்த முறையைச் சொன்னால், மாலை போட வருகிறவர்களுக்கே வியர்த்துவிடும். அவர் முதலமைச்சராக இருக்கும்போதே, 1961இல், மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். திறந்தவர் ஜவாஹர்லால் நேரு. எந்தத் துறவி தன் சிலையைத் தானே பார்த்துக்கொண்டு கோட்டைக்குப் போவார்? அவர் துறவி இல்லை ஐயா. முழுநேர அரசியல்வாதி. அது கெட்ட வார்த்தை இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. படித்த கூட்டம். மயிலாப்பூரில் ஒரு அரங்கத்துக்குப் போயிருந்தேன். மேலாண்மை வகுப்பு எடுக்கிற ஒருவர் திரையில் அம்புக்குறி, வட்டம், முக்கோணம் எல்லாம் போட்டு, காமராஜர் ஒரு சேவகத் தலைவர் என்று நிறுவினார். ராபர்ட் கிரீன்லீஃப் என்கிற அமெரிக்கர், டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த சொல் அது. முதலில் சேவை செய்ய வேண்டும் என்று தோன்ற வேண்டும், தலைமை அப்புறம்தான் என்பது அவர் கட்சி. நல்ல கருத்துதான். காமராஜர்மேல் போர்த்தினால் அது தோளிலேயே நிற்காது.

1940க்கு வாருங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். எதிரே ராஜாஜியின் ஆளாக சி.பி.சுப்பையா. காமராஜருக்கு வயது 36. ஜெயித்தது 3 ஓட்டில். மூன்றே ஓட்டு! அதற்கு எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், எத்தனை பேரிடம் எத்தனை முறை பேசியிருப்பார்! ஜெயித்த கையோடு, யாரிடம் அரசியல் கற்றாரோ அந்த சத்தியமூர்த்தியைத் தனக்குச் செயலாளராக வைத்துக்கொண்டார். நாலு வருஷம் முன்னால் குரு தலைவர், சீடர் செயலாளர். இப்போது சீடர் தலைவர், குரு செயலாளர். இதை எந்த முக்கோணத்தில் அடைப்பீர்கள்?

1954. முதலமைச்சர் பதவியிலிருந்து ராஜாஜி விலகுகிறார். சட்டமன்றக் கட்சிக்குத் தலைவர் வேண்டும். ராஜாஜி தரப்பில் சி.சுப்பிரமணியம் நிற்கிறார். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். ஓட்டை எண்ணினால் காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. இன்றைக்கு நம் ஊரில் இப்படித் தோற்றவருக்கு என்ன நடக்கும், உங்களுக்குத் தெரியும். முதலில் பேனரில் படம் சிறியதாகும். அப்புறம் ஓரத்துக்குப் போகும். அப்புறம் பேனரே இருக்காது. (சிரிப்பு) காமராஜர் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு அமைச்சராக்கினார். மொத்த அமைச்சரவை 8 பேர். அதில் இவர்கள் 2 பேர். இன்னும் 2 பேர், மாணிக்கவேல் நாயக்கரும் ராமசாமி படையாட்சியும், 1952இல் காங்கிரசை எதிர்த்து நின்று வேறு கட்சி கண்டு ஜெயித்து வந்தவர்கள். எண்ணிப் பாருங்கள். முதல் நாளே பாதி அமைச்சரவை, ஒரு காலத்தில் அவருக்கு எதிரே நின்றவர்கள்.

மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் பரமேஸ்வரன், தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். அவரிடம் இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார். எந்தக் கோயில் வாசலில் அவருடைய முன்னோர்களை நிறுத்தினார்களோ, அந்தக் கோயிலின் கணக்குப் புத்தகம் இப்போது அவர் மேசையில். மேடையில் ஒரு வரி முழக்கம் இல்லை, ஊர்வலம் இல்லை. ஒரு இலாகா ஒதுக்கீடு, அவ்வளவுதான். (நீண்ட கைதட்டல்)

இருங்கள், நான் இன்னும் முக்கியமானதற்கு வரவில்லை. ராஜாஜி 1953இல் கொண்டுவந்தாரே, பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம், குலக்கல்வி என்று ஊரே கொதித்த திட்டம், அது 1954 மே மாதம் கைவிடப்பட்டது. அறிவித்தவர் யார்? கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம். ராஜாஜி நிறுத்திய வேட்பாளர் வாயாலேயே ராஜாஜியின் திட்டத்துக்கு முடிவுரை! இதைப் போய்ச் சேவகம் என்கிறீர்களே, எனக்குத் தெரிந்த தமிழில் இதற்குப் பேர் சாமர்த்தியம்.

கோட்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியான கோட்பாட்டை எடுங்கள் என்கிறேன். மாக்ஸ் வெபர் என்று ஒரு ஜெர்மானியர். ஒரு மனிதன் சொன்னதை இன்னொருவன் ஏன் கேட்கிறான் என்று யோசித்து மூன்று காரணம் சொன்னார். வழிவழியாக வந்த மரபு. ஆளின் வசீகரம். சட்டமும் பதவியும். நம் தியாகராய நகரில் ஒரு சாயங்கால நடை போனால் மூன்று வீட்டைப் பார்க்கலாம். பஸ்லுல்லா சாலையில் ராஜாஜி இருந்தார். திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். இருந்த வீடு இன்றைக்கு நினைவு இல்லம். மூன்று வீடு, மூன்று வகை, பொருந்திவிட்டது என்று கைதட்டத் தோன்றும். தட்டாதீர்கள். எம்.ஜி.ஆர். வசீகரம், சரி. ராஜாஜியை மரபில் எழுதினால், கோயில் நுழைவுக்கு 1939இல் சட்டம் செய்த முதல்வரை என்ன செய்வது? காமராஜர் அந்த மூன்றில் எதிலுமே முழுசாக உட்கார மாட்டார்.

ஆனால் அதே வெபர் 1919இல் மியூனிக் நகரில் மாணவர்களுக்கு முன்னால் அரசியல் என்கிற தொழிலைப் பற்றி ஒரு உரை ஆற்றினார். அதில் கட்சி இயந்திரத்தை ஓட்டுகிறவனைப் பற்றியும் சொன்னார். அவன் பெரிய பேச்சாளனாக இருக்க மாட்டான். யார் எங்கே இருக்கிறான், எவனுக்கு எவன் ஆகாது என்று தெரிந்து வைத்திருப்பான். நம்மவர் அந்த ஜாதி. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மனு கொண்டுபோனால் ஒரே சொல்: பார்க்கலாம். அது ஆமாவா, இல்லையா என்று வெளியே வந்து ஆளுக்கு ஆள் அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சரி, அப்படிப்பட்டவரை எந்தக் கோலால் அளப்பது? எனக்குப் பிடித்த கோல் ஒன்று உண்டு, அது சின்னப் பையன்களிடமிருந்து வந்தது. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவினும் அவரோடு இருந்தவர்களும் பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுவாக்கி, முகமூடி செய்வது மாதிரியான கைவேலை கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு அதட்டி உத்தரவு போடுகிற தலைவர். ஒரு குழுவுக்குக் கலந்து பேசி முடிவெடுக்கிற தலைவர். இன்னொன்றுக்கு எதிலும் தலையிடாத தலைவர். இருந்தாற்போல் தலைவர் அறையை விட்டு வெளியே போவார். அப்போது என்ன நடக்கிறது என்று குறித்தார்கள். அதட்டுகிறவர் இருக்கும்போது நூற்றுக்கு 70க்கு மேல் இருந்த வேலை, அவர் வெளியே போனதும் 30க்குக் கீழே விழுந்தது. கலந்து பேசுகிறவர் வெளியே போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. தலையிடாதவர் வெளியே போனபோது வேலை கூடிவிட்டது! (சிரிப்பு) சில அலுவலகங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தலைவன் வெளியே போனால் வேலை நடக்கிறதா? இந்த ஒரே கேள்வியைக் காமராஜரிடம் கேளுங்கள். கேட்பதற்கு அவரே வழி செய்து வைத்தார். 1963 அக்டோபர் 2 அன்று, யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல், ஒன்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போனார். பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற அவருடைய திட்டத்தில் 6 மத்திய அமைச்சர்கள், அவரையும் சேர்த்து 6 முதலமைச்சர்கள் விலகினார்கள்.

போனபின் பள்ளிக்கூடத்தில் என்ன ஆயிற்று? 1956இல் தொடங்கிய மதிய உணவு. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். அரசு ஒரு பங்கு போட்டது, ஊரார் ஒரு பங்கு போட்டார்கள். பக்தவத்சலம் வந்தார், அண்ணா வந்தார், கலைஞர் வந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் அரசுப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஒருவருக்கொருவர் ஆகாத ஆட்சிகள். அடுப்பு மட்டும் அணையவில்லை. லெவினின் பரீட்சையில் இதற்கு மேல் மதிப்பெண் வாங்க முடியாது.

கட்சியில் என்ன ஆயிற்று? (சலசலப்பு) கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையும் கேளுங்கள். அவர் டெல்லிக்குப் போனார், அகில இந்தியத் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரியை, சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியைப் பிரதமராக்குவதில் அவர் கைதான் மேலே இருந்தது. 1966 ஜனவரியில் மொரார்ஜிக்கு 169, இந்திராவுக்கு 355. இங்கே? 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரிசிக்கு வரிசை நின்றது. 1967இல் சொந்த ஊரான விருதுநகரில், பெ.சீனிவாசன் என்கிற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் காமராஜரே தோற்றார். அவர் ஆட்சியில் படித்து வளர்ந்த தலைமுறை அது. அதே தேர்தலில் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தார். கழுத்தில் கட்டுப் போட்ட படம் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் டெல்லியில் கட்சியே உடைந்தது. அவர் பிரதமராக்கியவர் எதிர்ப்பக்கம் நின்றார்.

ஏன் இப்படி? என் கருத்தைச் சொல்கிறேன். அரசாங்கத்தில் அவர் செய்ததெல்லாம் பைலில் இருந்தது, தலைமையாசிரியர் பதிவேட்டில் இருந்தது, ஊர்க்காரர் பழக்கத்தில் இருந்தது. கட்சி மட்டும் அவர் தலைக்குள் இருந்தது. எந்த ஊரில் எவன் என்பது அவருக்கு மனப்பாடம். மனப்பாடத்தை உயில் எழுதிக் கொடுக்க முடியாது. எதிராளியை அமைச்சராக்கத் தெரிந்தவர், தெருவில் நின்ற மாணவனைத் தொண்டனாக்கவில்லை. இதைச் சொன்னால் அவர் புகழ் குறையுமா? மாலையில் பூ குறையும், அவ்வளவுதான்.

இப்போது மேடையில் இருக்கும் எல்லாக் கட்சி நண்பர்களுக்கும் வருகிறேன். அவருக்காவது பாதி மதிப்பெண். நீங்கள் பரீட்சைக்கே வரவில்லையே! எந்தத் தலைவர் அறையை விட்டு வெளியே போகிறார்? போனாலும் நாற்காலியில் மகனை உட்கார வைத்துவிட்டுத்தானே போகிறார்? (கைதட்டல்) காமராஜர் 3 ஓட்டில் ஜெயித்தார் என்றால், அந்த அறைக்குள் போகும்போது முடிவு யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். இந்த தியாகராய நகரில், அடையாறில், மயிலாப்பூரில், முடிவு தெரியாத தேர்தலை வட்டச் செயலாளருக்காவது கடைசியாக நடத்திய கட்சி எது? கையைத் தூக்குங்கள். (யாரும் தூக்கவில்லை) 'ஒருமனதாக', 'போட்டியின்றி' என்று சுவரொட்டி அடிக்கிறீர்களே, அந்தச் சொற்களைக் கேட்டால் 1940இல் ஓட்டுப் போட்ட அந்த ஆட்கள் சிரிப்பார்கள்.

கிண்டியில், சர்தார் படேல் சாலைப் பக்கம், காந்தி மண்டப வளாகத்துக்குள் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள் உண்டு. தி.நகரில் பக்கத்துத் தெருக்காரர்கள், அங்கேயும் பக்கத்துப் பக்கத்தில். பல வருஷம் ஒருவரையொருவர் ஓட்டுப் பெட்டியில் சந்தித்தவர்கள்.

கூட்டத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரம் ஆகிவிட்டதாம். எனக்கு அடுத்துப் பேசுகிறவர் வேட்டி சட்டைக் கணக்கோடு தயாராக இருக்கிறார். (சிரிப்பு) நான் இறங்கி வெளியே போகிறேன். இங்கே என்ன வேலை நடக்கிறது, பார்க்கலாம்.