அரையாண்டுக்கு அயல்நாடு செல்வோர்க்கு



நமதூருக்கு அயலான சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் கடல் கடந்துபோய், 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரே.

இன்று நம் பிள்ளைகள் பரிமாற்ற மாணவராய் அரையாண்டுக்குப் போகின்றனர். கடவுச்சீட்டு, விசா என்று வீடு முழுதும் அலைகின்றது, நல்லது. ஆனால், அங்கே படிக்கும் பாடங்களை இங்கே ஏற்பார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவோர் எத்தனை பேர்? வாய்ச்சொல்லை நம்பிப் போய், திரும்பி வந்து அதே பாடங்களை மீண்டும் படித்த பிள்ளையை நாம் அறிவோம்.

உதவிப்பணமும் பல வேளைகளில் அங்கு சேர்ந்த பின்னரே கைக்கு வரும். முதல் மாதச் செலவுக்குத் தாயின் சங்கிலி அடைவுக்குப் போகின்றது. அதற்கு நமது சங்கமே வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுத்தாலென்ன?