பிழை சொல்லாத பிழைகள்



பைதான் என்னும் கணிப்பொறி மொழியை உங்களிற் பலர் பயில்கின்றீர்கள். நெதர்லாந்து நாட்டு அறிஞர் கைடோ வான் ரோசம் ஆக்கி, 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி அது. அம்மொழியின் இலக்கணம் பிறழ எழுதினால், பொறி உடனே நின்று, பிழை இன்ன வரியில் என்று காட்டிவிடும். அத்தகைய பிழைக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் தவறான விடையைத் தந்துவிட்டுப் போகும் பிழைகளே அஞ்சத்தக்கவை. அவற்றுள் மூன்றினையும், அவற்றைத் தவிர்க்கும் வழியையும் இங்கே கூறுகின்றேன்.

முதலாவது, பின்ன எண். 0.1, 0.2 இரண்டையும் கூட்டி, அது 0.3க்குச் சமமா என்று கேளுங்கள். 'இல்லை' என்றே பைதான் விடையிறுக்கும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் அதற்கு முடிவில்லை அன்றோ? அதுபோலவே, இரண்டின் அடிப்படையில் எண்ணும் பொறிக்குப் பத்தில் ஒரு பங்கு முடிவுறாத எண். ஆகவே, பணக் கணக்கை ரூபாய்ப் பின்னமாக வைக்காமல், பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள்.

இரண்டாவது, சமக்குறி. மதிப்பெண் பட்டியல் ஒன்றுக்குச் சமக்குறி இட்டு வேறொரு பெயர் கொடுத்தால், புதிய படி உண்டாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். பட்டியல் ஒன்றே, பெயர்தான் இரண்டு. ஒரு பெயரால் திருத்தினால் மற்றதிலும் அத்திருத்தம் தோன்றும். தனிப் படி வேண்டுமாயின் 'காப்பி' என்னும் கட்டளையைக் கையாளுங்கள். பட்டியலுக்குள் பட்டியல் இருப்பின் 'டீப்காப்பி' தேவை.

மூன்றாவது, நம் மொழியைப் பற்றியது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாது என்று கேட்டால், ஐந்து என்னும் பைதான். நமக்கு எழுத்து மூன்று. யூனிகோடு முறையிலோ 'மி'யின் இகரக் குறியும் 'ழ்' மேலுள்ள புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. முதல் நான்கை மட்டும் வெட்டி எடுத்தால், புள்ளி போய், 'தமிழ' என்று நிற்கும். விண்ணப்பத்தில் ஒருவர் பெயர் இவ்வாறு சிதைந்தால், அவருடைய சான்றிதழிலும் அச்சிதைவே ஏறும். எனவே, துணைக்குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்தே எண்ணவும் வெட்டவும் வேண்டும். எது துணைக்குறி என்பதை 'யூனிகோடுடேட்டா' என்னும் தொகுதி அறிவிக்கும்.

இறுதியாக, நான் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று. நிரலை எழுதி முடித்ததும், தாளில் நானே விடை கண்ட சிறு கணக்கு ஒன்றை முதலில் அதற்குக் கொடுப்பேன். இரு விடைகளும் ஒத்த பின்னரே பெரிய வேலையை ஒப்படைப்பேன். விரைந்து கணிப்பது பொறியின் தொழில். சரிபார்ப்பது நம் கடமை.