படித்தவர்கள் பிழைப்பு

(செம்பரம்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கல்லூரிப் படிப்பு முடித்த பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நான் பட்டம் வாங்கினவன் அல்ல. ஆனால் பட்டம் வாங்கின பிள்ளைகள் இருக்கின்ற வீட்டில் சோறு தின்கின்றவன். அந்த ஒரு யோக்கியதையை வைத்துக் கொண்டு எனக்குத் தோன்றியதைச் சொல்லுகின்றேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துண்டை உதறுவது போல் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

இன்று சாயந்திரம் நான் பெங்களூர் ரோட்டில் வந்து இறங்கின அதே நேரத்தில், கம்பெனி பஸ் ஒன்றிலிருந்து ஒரு பையனும் இறங்கினான். இறங்கினவன் முதல் காரியமாகக் கழுத்தில் தொங்கின அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டான். "ஏன் தம்பி, அதைக் கழற்றுகின்றாய்?" என்று கேட்டேன். "ஊருக்குள் தெரிய வேண்டாம் ஐயா" என்றான். "என்ன, திருடப் போய் வந்தாயா?" என்றேன். சிரித்தான். "நான் பி.இ. படித்திருக்கின்றேன் ஐயா. அங்கே என் பக்கத்தில் நிற்கின்றவன் ஐ.டி.ஐ. சும்மா கொஞ்ச நாளைக்குத்தான். குரூப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கின்றேன்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வருஷமாக என்றான்.

தோழர்களே! இங்கிருந்து பூந்தமல்லி தாண்டிப் போரூர், ராமாபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கின்ற பிள்ளை அந்த அட்டையைக் கழற்றவே மாட்டான். டீக்கடைக்குப் போனாலும் கழுத்தில், கல்யாண வீட்டுக்குப் போனாலும் கழுத்தில்! இரண்டும் ஒரே பிளாஸ்டிக் அட்டை. ஒரே நாடாக் கயிறு. ஒருவன் ஒளிப்பானேன்? மற்றவன் காட்டுவானேன்? சம்பளம்தான் காரணம் என்பீர்கள். பாதி வாஸ்தவம். மீதிப் பாதி என்னவென்றால், ஒருவன் இரும்பைத் தொடுகின்றான், மற்றவன் தொடுவதில்லை. கையால் வேலை செய்கின்றவன் கீழ், உட்கார்ந்து எழுதுகின்றவன் மேல் என்று யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1857இல். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, இன்னொருவர் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளை சர்க்கார் உத்தியோகமும் பார்த்தார். செல்லரித்துக் கிடந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடி அச்சுப் போடவும் செய்தார். ஆரம்பம் இப்படி இருந்தும் பிறகு என்ன ஆயிற்று? 1914இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து கொண்டிருந்த பட்டதாரிகள் 650 பேர் என்றால், அவர்களில் 452 பேர் பார்ப்பனர்கள். ஜனத்தொகையில் 100க்கு 3 பேராய் இருந்தவர்களுக்கு இவ்வளவு பங்கு! மற்றவர்களுக்கு ஏர் இருந்தது, தறி இருந்தது, மண்வெட்டி இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்புரிமை உத்தரவு என்றும், இட ஒதுக்கீடு என்றும், பகல் உணவு என்றும், முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை என்றும் ஒவ்வொன்றாகப் போராடியும் கேட்டும் வாங்கி, 2021-22ஆம் வருஷக் கணக்குப்படி கல்லூரி வயதுக்கு 100 பேர் என்றால் 47 பேர் அளவுக்குக் கல்லூரியில் இருக்கின்ற நாடாகத் தமிழ்நாடு ஆகியிருக்கின்றது. இந்தியா முழுவதற்கும் அது 28தான். இது சாமானிய காரியமல்ல. இதைக் குறைத்துப் பேசுகின்றவனை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் படிப்பைப் பிடுங்கிக் கொண்டு வந்தபோது அதோடு ஒட்டிக் கொண்டிருந்த அழுக்கையும் சேர்த்துக் கொண்டு வந்துவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. பட்டம் என்பது நமக்கு ஒரு புதுப் பூணூல் ஆகிவிட்டது. பேருக்குப் பின்னால் போட்டுக் கொள்ளவும், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கவும், பெண் வீட்டாரிடம் சவரன் கணக்குப் பேசவும் உதவுகின்றது. தம்பியின் தகப்பனார் இந்த ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவர். அவர் கை சேறு பட்ட கை. அந்தக் கைதான் ஃபீஸ் கட்டியது. மகனோ கையில் கிரீஸ் பட்டதை ஊருக்கு மறைக்கின்றான் என்றால், அவன் யாரைப் பார்த்து வெட்கப்படுகின்றான்?

நிற்க. இந்த வெட்கத்தினால் யாருக்கு லாபம் என்பதைக் கவனியுங்கள். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்க் கம்பெனி கால் வைத்தது முதல் இந்தப் பக்கமெல்லாம் ஆலைகளாகிவிட்டன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லர் லாரி ஆலை என்று வந்து கொண்டே இருந்தன. அவைகள் வந்தது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அங்கே நம் பிள்ளைகள் எந்தப் பெயரில் நுழைகின்றார்கள் என்பதுதான் விஷயம். "டிரெய்னி", "அப்ரண்டிஸ்", "காண்டிராக்ட்" என்று பல பெயர்கள். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுகின்றவன்தானே ஒழிய தொழிலாளி அல்ல என்று சொல்லுகின்றது. 1973இல் பட்டதாரி இன்ஜினீயர்களையும் டிப்ளமாக்காரர்களையும் அந்தச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். விபத்துப் பாதுகாப்பும் காயம் பட்டால் நஷ்ட ஈடும் உண்டு. மற்றபடி தொழிலாளிக்குள்ள சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா. உண்மையிலேயே தொழில் கற்றுக் கொடுத்தால் அது நல்ல சட்டம். கற்றுக் கொள்ள ஒன்றுமில்லாத ஒரே வேலையை வருஷக் கணக்கில் செய்யச் சொல்லி அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால், அதை என்னவென்று சொல்லுவது?

கம்பெனிக்காரன் பையனைப் பார்த்து, "நீ இங்கே நிரந்தரமல்ல" என்கின்றான். பையனும் தன் மனதுக்குள், "நான் இங்கே நிரந்தரமல்ல" என்றே சொல்லிக் கொள்ளுகின்றான். முதலாளியும் தொழிலாளியும் ஒரே அபிப்பிராயமாக இருக்கின்ற விஷயம் உலகத்தில் இது ஒன்றுதான்! இப்படி இருந்தால் அவன் சம்பளச் சீட்டை எதற்குப் படிப்பான்? பி.எஃப். பிடித்தார்களா என்று எதற்குக் கேட்பான்? சங்கத்தில் எதற்குச் சேருவான்? மூன்று வருஷமும் ரயிலுக்குக் காத்திருக்கின்றவன் மாதிரி ஆலைக்குள் நிற்கின்றான்.

அந்த ரயில் வருமா? 2022இல் குரூப் 4 பரீட்சைக்கு அறிவித்த இடங்கள் 7,301. மனுச் செய்தவர்கள் 22 லட்சம் பேர். ஒரு நாற்காலிக்கு 300 பேர்! அதுவும் பத்தாவது தேறினால் போதும் என்கின்ற உத்தியோகம். பரீட்சை எழுதுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் நமக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டவர்களே நாம்தானே! ஆனால் 300 பேரில் 299 பேர் திரும்பி வரப் போகின்றார்கள். அவர்களுடைய வயதுக்கு யார் ஈடு செய்வது? இதற்கிடையில் ஜோசியன் வேறு, "குரு பார்க்கட்டும்" என்று காசு வாங்குகின்றான். பழவந்தாங்கல் பக்கம் விசா கொடுக்கின்ற பிள்ளையாரே இருக்கின்றார். அமெரிக்கக் கான்சல் அவரைக் கேட்டுத்தான் முத்திரை போடுகின்றாரோ என்னமோ!

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தபோது ஊர் ஊராகப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். 2014இல் அதை மூடினபோது வேலையிழந்து திரும்பினவர்கள் அநேகம். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டினால் உடம்பு கெட்டதென்று பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் இதே பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். பட்டம் வாங்கின மகனை ஆலைக்கு அனுப்ப வெட்கப்படுகின்ற வீடு, பட்டம் வாங்கின மகளைக் கல்யாணத்துக்குப் பிறகு எங்குமே அனுப்புவதில்லை. கலியாணமானவளை ஐபோன் பூட்டுகின்ற வேலைக்கு அந்த ஆலையில் எடுப்பதில்லை என்று 2024இல் ராய்ட்டர் செய்தி வந்தபோது ஊரெல்லாம் கோபப்பட்டது. கம்பெனி அதை மறுத்தது. கோபப்பட்டது நியாயம். அதே வேலையை மாமியார் வீடு செய்தால் மட்டும் அதற்குக் குடும்ப வழக்கம் என்று பெயர்.

பட்டம் மட்டுமே மனிதனுக்கு மதிப்பைக் கொடுத்துவிடும் என்று எண்ணுகின்றவர்கள் டாக்டர் அம்பேத்காரை நினைத்துப் பார்க்க வேண்டும். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார். குடியிருக்க ஒருவனும் வீடு கொடுக்கவில்லை. பார்ஸி விடுதியில் ஜாதி தெரியாமல் தங்கினவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருக்குப் படிப்பு போதாமல் போனதா?

2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமாக அவர்கள் கேட்டது, எங்கள் சங்கத்தை ஒப்புக்கொள் என்பது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. "இது என் இடமல்ல, கொஞ்ச நாளைக்குத்தான்" என்று நினைத்தவன் எவனாவது 37 நாள் சம்பளமில்லாமல் வெளியே உட்காருவானா?

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கின்றார். "அப்படியானால் பி.இ. படித்தவன் ஐ.டி.ஐ. சம்பளத்துக்குப் போவது சரி என்கின்றீர்களா?" என்று கேட்கின்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. படிப்புக்குத் தக்க வேலையும் சம்பளமும் கேட்க வேண்டும். கடுமையாகவே கேட்க வேண்டும். நாலு வருஷம் ஃபீஸ் வாங்கிக் கொண்டு கடைசல் இயந்திரத்தைத் தூரத்தில் நின்று காட்டின கல்லூரிக்காரனையும் கேட்க வேண்டும். ஆனால் பக்கத்தில் நிற்கின்ற ஐ.டி.ஐ. பிள்ளையின் தோளில் கை போட்டுக் கொண்டு கேட்க வேண்டும். அவன் தலைமேல் ஏறி நின்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. அந்த இயந்திரத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. ஒப்பந்தக் காகிதத்தில் உள்ள இங்கிலீஷ் உனக்குத் தெரிந்த அளவு அவனுக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் எந்தக் காசு எதற்குப் பிடித்தார்கள் என்று பத்துப் பேருக்குப் படித்துச் சொல்லு. உன் பட்டத்துக்கு இன்றைக்கே அந்த ஆலையில் உத்தியோகம் இருக்கின்றது.

மழை வரும்போல் இருக்கின்றது, தாய்மார்கள் எழுந்திருக்கின்றார்கள். கடைசி பஸ் வரும்வரை நான் அந்தத் தெருவிளக்கின் கீழேதான் இருப்பேன். அப்ரண்டிஸ் காகிதமோ ஒப்பந்தமோ யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். இங்கிலீஷ் தெரிந்த பட்டதாரித் தோழர்கள் நாலைந்து பேரும் கூட இருந்தால் நல்லது; எனக்கு அதில் பாதி புரியாது.